பத்து ஆட்டம் ஜெயித்த மாப்பிள்ளை

"உலகமே உங்களுதுங்க மாப்ள" என்றார் என் மாமனார்.

சொல்லிவிட்டு, ஐஸ்லாந்தில் தனியாக நின்றுகொண்டிருந்த தன் கடைசிச் சிவப்புப் பட்டனை எடுத்து, வெற்றிலை பாக்கு கொடுப்பதுபோல என் உள்ளங்கையில் வைத்தார். வரைபடம் முழுக்க நீலம். கிரீன்லாந்திலிருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் என் நீலப் பட்டன்கள்தான். பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணை வீட்டுக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, நாட்டுக்கோழிக் குழம்பு ஏப்பத்தோடு நான் உலகத்தைப் பிடித்து முடித்திருந்தேன். அது ஒன்பதாவது தடவை.

தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். கல்யாணமாகி நாலைந்து மாசம் இருக்கும். மாமியார் வெள்ளி டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தார். அந்த வீட்டில் வெள்ளி டம்ளர் ஒன்றே ஒன்றுதான். அது மாப்பிள்ளைக்கு மட்டும்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பது ஆட்டம், ஒன்பதிலும் வெற்றி. சுத்தியிருந்த மூணு பேரும் "மாப்ளைக்கு என்ன மூளைங்க" என்று மாறி மாறிச் சொல்கிறார்கள். நான் அடக்கமாகச் சிரிப்பதாக நினைத்துக்கொண்டு ஈ என்று இளித்துக்கொண்டிருந்தேன்.

பாதி ஆட்டத்திலேயே உலகத்தை இழந்து எழுந்து போன என் மச்சினன் கதிர், அப்போதுதான் பின்பக்கமாக உள்ளே வந்தான். முழங்கால் வரைக்கும் ஈரம். லுங்கியில் இரண்டு கோழி இறகு ஒட்டியிருந்தது. கையில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வாளி.

அந்த வாளியை நான் பார்த்தேன், ஆனால் கவனிக்கவில்லை. உலகத்தை ஒன்பது தடவை பிடித்தவன் வாளியையா கவனிப்பான்?

போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய எங்கள் கல்யாணப் பந்திக் கூத்தைப் படித்துவிட்டு, "உங்கள் மாமனார் வீட்டார் நிஜமாகவே இவ்வளவு சாதுவா?" என்று உடுமலையிலிருந்து ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார். அம்மா, நல்ல கேள்வி கேட்டீர்கள். அந்த மஞ்சள் வாளியை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டன் படை

இந்த ஆட்டப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று சொல்லியாக வேண்டும்.

நான் ஒற்றைப் பிள்ளை. அப்பா ஒரு மோட்டார் பம்பு கம்பெனிக்கு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கிறவர். மாசத்தில் இருபது நாள் வீட்டில் இருக்கமாட்டார். அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தார். பள்ளிக்கூடம் விட்டு சாய்பாபா காலனி வீட்டுக்கு வந்தால் நானும் நாலு சுவரும்தான்.

செஸ் போர்டை விரித்து, கறுப்புக்கும் நானே, வெள்ளைக்கும் நானே ஆடுவேன். எப்போதும் கறுப்புதான் ஜெயிக்கும், ஏனென்றால் நான் கறுப்புக் கட்சி. வெள்ளை தோற்றதும் எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் வெள்ளைக்காக வருத்தப்படுவேன். சிரிக்காதீர்கள். எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்து, உங்களைத் தோற்கடிப்பதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு யோசிப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று, வீடு நிறைய ஆளோடு வளர்ந்தவர்களுக்குத் தெரியாது.

அந்தத் தாகம் காலேஜில்தான் தீர்ந்தது. கூடப் படித்த ராம்கியின் சித்தப்பா அமெரிக்காவிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். உள்ளே உலக வரைபடம், பகடைகள், பொடிப் பொடியாகச் சிப்பாய்கள். ஆளுக்கு ஒரு நிறம். உங்கள் நாட்டிலிருந்து பக்கத்து நாட்டை அடிக்கலாம். இரண்டு பேரும் பகடை உருட்ட வேண்டும், எண் குறைந்தவர் ஒரு சிப்பாயை எடுத்துவிட வேண்டும். கடைசியில் எந்த நிறம் மிஞ்சுகிறதோ அதற்கு உலகம்.

ராம்கி அந்தப் பெட்டியை யாருக்கும் இரவல் தரமாட்டான். விடுவேனா? ஒரு பழைய பெட்ஷீட்டில் வரைபடத்தை அப்படியே பெயிண்டால் வரைந்துவிட்டேன். சிப்பாய்க்கு என்ன செய்வது? திருப்பூரில் கழித்துப்போட்ட சட்டைப் பட்டன் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளை என்று ஐந்து டப்பா நிறைய அள்ளிவந்தேன். வெள்ளையில் பாதி ஓரம் உடைந்தவை. அந்த டப்பாவை யாரும் எடுக்கமாட்டார்கள்.

ஒரு ஆளோடு பத்து வருஷம் பழகித் தெரிந்துகொள்வதை ஒரு ஆட்டத்தில் தெரிந்துகொள்ளலாம். ராம்கி முதல் சுற்றிலேயே ஆஸ்திரேலியாவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அதற்கு ஒரே வாசல்தான். அந்த வாசலில் படையை அடுக்கிவிட்டு முறுக்கு தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பான். இன்றைக்கும் அவன் பிறந்த வீட்டிலேயேதான் இருக்கிறான், கேட்டில் இரண்டு பூட்டு.

கோட்டைமேட்டு நசீர் வேறு ரகம். அவங்க வாப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. நசீர் பகடையைத் தொடவே மாட்டான், எல்லாம் வாய்தான். "நீ பிரேசிலை அடி, நான் உன் முதுகைப் பாத்துக்கறேன்" என்பான். அதே வாக்கைப் பிரேசில்காரனுக்கும் கொடுத்திருப்பான். நாங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொண்டு ஓய்ந்த பிறகு வந்து கூட்டிப் பெருக்கி எடுத்துக்கொண்டு போவான். கோபமே வராது, அப்படி ஒரு சிரிப்பு.

நான் வெட்டுகிற ஆள். எதிரில் எது தெரிந்தாலும் அடிப்பேன். பாதி நாள் நான்தான் முதலில் ஒழிவேன். ஆனாலும் அந்த நாலு வருஷம் போல ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்பு கிடைத்ததில்லை.

அப்புறம் ராம்கி பேங்க் வேலைக்குப் போனான், நசீர் கடையில் உட்கார்ந்தான், எனக்கும் ஒரு பம்பு கம்பெனியில் டிசைன் வேலை. பெட்ஷீட் உலகம் மடிந்து பீரோவுக்குள் போய்விட்டது.

உங்களுக்கில்லாததா

சுகந்தியைப் பேசி முடித்தபோது, அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமையானால் எல்லோரும் உட்கார்ந்து ஏதாவது விளையாடுவார்கள் என்று தரகர் பேச்சுவாக்கில் சொன்னார். தாயம், சீட்டு, ஆடுபுலி, எதுவானாலும். மற்றவர்கள் பெண்ணின் ஜாதகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த ஒரு வாக்கியத்திலேயே விழுந்துவிட்டேன். அவளிடம் இதை இன்னும் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்வாள்.

கல்யாணமாகி முதல் விருந்துக்குப் போகும்போதே பெட்ஷீட்டையும் பட்டன் டப்பாக்களையும் சூட்கேஸில் வைத்துக்கொண்டேன். வீட்டில் நாலு பேர். மாமா பேச்சு குறைச்சலானவர். அத்தை ஒரு இடத்தில் உட்காராதவர். கதிர் பி.காம். முடித்துவிட்டுப் பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது ஆள் சுகந்தி.

சட்டதிட்டங்களை அரைமணி நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் ஆடிய விதம் இருக்கிறதே, அப்படி ஒரு யுத்தத்தை எந்த நாட்டுச் சரித்திரத்திலும் பார்க்கமுடியாது.

மாமா என் எல்லைக்குப் பக்கத்தில் வந்தால் உத்தரவு கேட்பார். "ஏனுங்க மாப்ள, இந்த எகிப்தைச் சித்த எடுத்துக்கட்டுங்களா?" நான் முகத்தைக் கொஞ்சம் சுளித்தால் போதும், "வேண்டாமுங்க, இருக்கட்டும்" என்று படையைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். நான் அவரை அடித்தால், "எடுத்துக்குங்க, உங்களுக்கில்லாததா" என்பார்.

அத்தை அதற்கும் மேலே. ஆட்டத்தையே பந்தி என்று நினைத்துக்கொண்டார்போல. என் நாட்டில் பட்டன் குறைந்திருப்பதைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. "இன்னும் ரெண்டு வெச்சுக்குங்க" என்று தன் டப்பாவிலிருந்து எடுத்துப் போடுவார். அத்தை, உங்களுது மஞ்சள், என்னுது நீலம் என்று சொன்னால், "வவுத்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதானுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

கதிர் எப்போதும் உடைந்த வெள்ளைப் பட்டனோடு உட்காருவான். வாளிப்பான பையன், யோசிக்காமல் அங்கங்கே சிதறிக் கிடப்பான். முதலில் ஒழிவது பெரும்பாலும் அவன்தான். ஒழிந்ததும் எழுந்து பின்பக்கம் போய்விடுவான். சுகந்தி பச்சையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மெதுவாகத் தோற்பாள். புதுப் பொண்டாட்டி அப்படிச் சிரித்தால் எந்த ஆம்பளைக்குத்தான் சந்தேகம் வரும்?

நசீர் கேட்ட கேள்வி

ஒன்பதாவது வெற்றிக்கு அடுத்த நாள் நசீர் கடையில் போய் உட்கார்ந்து அளந்துவிட்டேன். எகிப்தை எப்படிப் பிடித்தேன், சைபீரியாவில் எப்படிச் சுற்றி வளைத்தேன் என்று ஒன்றுவிடாமல்.

அவன் ஒரு வாடிக்கைக்காரருக்கு ஆணி நிறுத்துக்கொண்டே கேட்டான். ஆணியைக் கட்டிக் கொடுத்து ஆளை அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஏண்டா, எங்ககூட ஆடும்போது பத்துக்கு அஞ்சு ஆட்டம் நீதான் முதல்ல ஒழிவே. அங்க ஒம்பதுக்கு ஒம்பதா? பகடைகூடவா உனக்கு மாப்பிள்ளை மரியாதை குடுக்குது?"

நான் எழுந்து வந்துவிட்டேன். பொறாமை பிடித்தவன் என்று வழியெல்லாம் திட்டினேன். டவுன்ஹால் தாண்டுவதற்குள் எகிப்து ஞாபகம் வந்தது. எகிப்திலிருந்து மாமா திருப்பிக்கொண்டு போன படையில் பன்னிரண்டு பட்டன் இருந்தது. என்னிடம் இருந்தது இரண்டு.

தீவன அறையில் உலகம்

அடுத்து வந்த வாரம் சுகந்தி ஒரு சீருக்காக முன்னாலேயே ஊருக்குப் போயிருந்தாள். நான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தேன். இருப்புக்கொள்ளாமல் காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மெயின் ரோட்டில், ஊருக்குள் திரும்புகிற பிரிவுகிட்டேயே டயர் பஞ்சர். வண்டியைப் பஞ்சர் ஒட்டிவைக்கச் சொல்லி டீக்கடையில் விட்டுவிட்டுத் தென்னந்தோப்பு வழியாக நடந்தே போனேன். வண்டிச் சத்தம் இல்லாததால் நான் வந்தது யாருக்கும் தெரியவில்லை.

கூடத்தில் யாரும் இல்லை. வீட்டுக்குப் பின்னால், கோழித் தீவனம் போட்டுவைக்கிற அறையிலிருந்து பகடை உருளும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

தரையில் தீவனச் சாக்கு ஒன்றைப் பிரித்து விரித்திருந்தார்கள். அதில் மார்க்கர் பேனாவில் உலகம். என் பெட்ஷீட்டைப் பார்த்து வரைந்தது. நான் மடகாஸ்கரை வைக்க மறந்திருந்தேன், அவர்கள் அதைக்கூட வைத்திருந்தார்கள். பட்டனுக்குப் பதில் மக்காச்சோளம், சோயா, கம்பு, புளியங்கொட்டை.

நாலு பேரும் குனிந்திருந்தார்கள். ஒரு வார்த்தைப் பேச்சில்லை. மாமா ஒரே நாட்டில் சோளத்தைக் குவித்துக்கொண்டு, அசையாமல், ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று காத்துக்கொண்டிருந்தார். அத்தை ஓரம் ஓரமாக, வலிக்காமல், இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று கிள்ளிக்கொண்டே வந்தார். பந்தியாவது ஒன்றாவது, ஒரு பொட்டுக் கம்பை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கதிர், தன்னைத் தொட்டவனை விடாமல் துரத்தித் துரத்தி அடித்தான். சிதறிக் கிடந்த பையனா இவன்?

அப்புறம் சுகந்தி. என் பொண்டாட்டி பகடையைக் கையில் எடுத்து, "அப்பா, உங்க ஆப்பிரிக்கா போச்சுங்க" என்று சொல்லிவிட்டு உருட்டினாள். ஒரே மூச்சில் ஆறு நாடு. மாமாவின் சோளக் குவியல் கரைந்து காணாமல் போனது. அவர் பெருமூச்சு விட்டார். கதிர் கண்ணை எடுக்காமல், மூலையில் இருந்த மஞ்சள் வாளியைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினான். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியை எடுத்துக்கொண்டு கோழி ஷெட்டுக்குப் போனார்.

நான் ஜன்னலோரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவ்வளவு அழகான ஆட்டத்தை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. என் வாழ்நாளெல்லாம் தேடிய வீடு அதுதான். ஆனால் அந்தச் சாக்கில் எனக்கு ஒரு தானியம் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

சத்தமில்லாமல் தோப்புக்குத் திரும்பிப் போனேன். அரைமணி நேரம் கழித்து, இருமிக்கொண்டும் செருப்பைத் தேய்த்துக்கொண்டும் வந்தேன். கூடத்தில் பெட்ஷீட் விரித்திருந்தது. நீல டப்பா என் இடத்தில் தயாராக இருந்தது. மாமா கைகால் கழுவிப் புதுச் சட்டை போட்டிருந்தார். நான் ஒன்றும் தெரியாதவன்போல "ஆட்டம் வேண்டாமுங்க, அசதியா இருக்குது" என்று படுத்துக்கொண்டேன்.

வாளிச் சட்டம்

பொழுதிறங்கக் கிளம்பி, சூலூர் தாண்டும்போது ஸ்கூட்டரை ஓரங்கட்டினேன். சுகந்தியிடம் பார்த்ததையெல்லாம் கொட்டினேன். அவள் முதலில் பயந்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்து, பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கமுடியாமல் சிரித்தாள்.

விஷயம் இதுதான். பண்ணையில் வேலை பார்க்கிற ஆளுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. ஆயிரத்துச் சொச்சம் கோழிக்குத் தண்ணி டப்பா கழுவி ஊற்ற வேண்டும். யார் செய்வது? யார் ஆட்டத்தில் முதலில் ஒழிகிறார்களோ அவர்கள். மாமா அந்தப் பண்ணையைத் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் சட்டம். காய்ச்சல் என்றாலும் தலைவலி என்றாலும் விலக்குக் கிடையாது. அத்தை ஒரு தடவை கல்யாணப் பட்டுப்புடவையோடு ஷெட்டுக்குப் போயிருக்கிறார்.

"சட்டத்தையும் மீற முடியாது. மாப்பிள்ளையைக் கோழி ஷெட்டுக்கும் அனுப்ப முடியாது. அப்ப நீங்க தோக்காமப் பாத்துக்கறதைத் தவிர வேற வழி என்னங்க இருக்குது?" என்றாள்.

"நான் டப்பா கழுவறேன். எனக்கொண்ணும் கௌரவக் குறைச்சல் இல்லை."

"உங்களுக்கு இல்லீங்க, எங்களுக்கு" என்றாள். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ஊட்டாளுங்க தோக்கலாமுங்க. நீங்க இன்னும் ஒரம்பரைதானே" என்றாள்.

விருந்தாளியை எங்கள் பக்கம் ஒரம்பரை என்போம். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றைக்குத் தீர்மானம் செய்தேன். அந்த வீட்டில் ஒரே ஒரு ஆட்டம் நான் நியாயமாகத் தோற்க வேண்டும், அந்த வாளி என் கைக்கு வர வேண்டும்.

தோற்கத் தெரியாதவன்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே தோற்பது என்று கங்கணம் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எவ்வளவு சுலபமான காரியம், இல்லையா?

நான் என் நாடுகளையெல்லாம் திறந்துபோட்டேன். யாரும் உள்ளே வரவில்லை. இரண்டு பட்டனை வைத்துக்கொண்டு அத்தையின் ஏழு பட்டன்மேல் பாய்ந்தேன். அத்தைக்கு ஒன்றும் இரண்டுமாக விழுந்தது, எனக்கு ஆறாக விழுந்தது. "பாத்தீங்களா, கைராசி" என்று எல்லோரும் மெச்சினார்கள். நான் பின்வாங்கினால் மாமா அதைவிட வேகமாகப் பின்வாங்கினார். இரண்டு ஆளும் "நீங்க முன்னால போங்க", "இல்லீங்க, நீங்க போங்க" என்று பஸ் படிக்கட்டில் நிற்பதுபோல நின்றோம்.

கதிர் என் நோக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டான். அவன் கண்ணிலிருந்து அத்தை கண்ணுக்குச் செய்தி போனது. அதற்கப்புறம் நடந்தது சாதாரண ஆட்டம் இல்லை. ஐந்து பேரும் தோற்பதற்காக உயிரைக் கொடுத்து ஆடினோம். பேசாமல் பட்டனை எடுத்துவிட்டு எழுந்துவிடலாம் என்றால், மாமா எதிரில் அப்படிச் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒன்று புரிந்தது. நன்றாக ஆடத் தெரிந்தவனுக்குத்தான் நன்றாகத் தோற்கவும் தெரியும். அவர்கள் என்னைவிட நாலு மடங்கு கெட்டிக்காரர்கள். ஒரு மணி நேரத்தில் ஆஸ்திரேலியா உட்பட மொத்த உலகமும் என் தலையில் கட்டப்பட்டது. பத்தாவது வெற்றி.

"உலகமே உங்களுதுங்க மாப்ள" என்றார் மாமா. முதலில் ஒழிந்தும் போகாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கதிர், வாளியை எடுக்க எழுந்தான்.

எனக்கு வந்ததே ஒரு வீம்பு.

"மாமா, உலகம் என்னுதுதானுங்களே?"

"ஆமாங்க, அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப நான் ஒரு சட்டம் போட்டுக்கலாமுங்களா?"

"ராசாவாட்டம் போடுங்க" என்றார்.

"இனிமேட்டு இந்த ஊட்டுல தோத்தவங்க வாளி எடுக்க வேண்டாமுங்க. ஜெயிச்சவங்க எடுக்கட்டும்."

முதலில் புரிந்துகொண்டது சுகந்திதான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடிவிட்டாள். அத்தை விரல்விட்டு எதையோ எண்ணிப் பார்த்தார். மாமா என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். வாக்குக் கொடுத்தாயிற்று, திரும்ப வாங்க முடியாது. இனி நான் ஜெயித்தால் மாப்பிள்ளை கோழி ஷெட்டுக்குப் போக வேண்டும். மாப்பிள்ளையின் மரியாதையைக் காப்பாற்ற ஒரே வழி, மாப்பிள்ளையை அடித்து நொறுக்குவதுதான்.

மாமா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"மறுக்கா ஒரு ஆட்டம் போடலாமுங்க" என்றார்.

வெள்ளைப் பட்டன்

நான் விட்டுக்கொடுத்து ஆடினேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஜெயித்தால் வாளி எனக்கு. அதனால் உயிரைக் கொடுத்து ஆடினேன். நசீரிடம் கற்றது, ராம்கியிடம் கற்றது, ஒன்றுவிடாமல் எல்லா வித்தையையும் இறக்கினேன்.

ஒன்றும் எடுபடவில்லை. அத்தை ஓரத்திலிருந்து கிள்ள ஆரம்பித்தார். கதிர் சைபீரியா வழியாக விரட்டினான். சுகந்தி நான் அடுத்து எங்கே போவேன் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டு அங்கே போய் உட்கார்ந்திருந்தாள். நான் அலறுகிறேன், பகடைமேல் ஊதுகிறேன், குலதெய்வத்தைக் கூப்பிடுகிறேன். ஒவ்வொரு நாடாகக் கழன்று போகிறது. என் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகம் இருக்கிறதே, அப்படி ஒரு ஆனந்தம். சுவரையே பார்த்து வளர்ந்தவனுக்கு எதிரில் ஒன்றுக்கு நாலு பேர், நாலு பேரும் என்னை ஒழிப்பதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறார்கள்.

கடைசியில் இந்தியா ஒன்று மிஞ்சியது, அதில் மூன்று நீலப் பட்டன். பக்கத்தில் மாமாவின் சிவப்பு மலைபோலக் குவிந்திருந்தது. அவ்வளவு நேரமும் அவர் ஒன்றுமே செய்யாமல் காத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மாப்ள, இந்தியாவையும் எடுத்துக்கட்டுங்களா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பகடை உருண்டுவிட்டது. மூன்று பட்டனும் போயிற்று.

மாமா நிமிரவில்லை. கண் வரைபடத்திலேயே இருந்தது. அடுத்து அத்தையை எங்கே அடிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப் பார்த்துக்கொண்டே வலது காலை நீட்டி, மஞ்சள் வாளியை என் பக்கம் தள்ளினார்.

வாளி தரையில் கரகரவென்று இழுபட்டு என் முழங்காலில் வந்து இடித்தது.

அத்தை, "என்னங்க பண்றீங்க" என்று நெஞ்சில் கை வைத்தார். மாமா அப்போதுதான் தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். முகம் வெளிறிப்போய்விட்டது. புதுச் சட்டப்படி ஆட்டம் முடிந்து ஜெயிக்கிறவர்தான் வாளி எடுக்க வேண்டும். அந்த நிமிஷத்தில் அது அந்த வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை, எனக்கு மட்டும்தான் இருந்தது. நான் சொல்வேனா?

யாராவது பிடுங்கிக்கொள்வதற்குள் வாளியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மயில்கண் பார்டர் வைத்த மாப்பிள்ளை வேட்டியோடு ஆயிரத்துச் சொச்சம் கோழிகளுக்கு நடுவில் போய் நின்றேன். அந்த நெடி மூக்கில் ஏறியது. கோழிகள் காலைக் கொத்தின. தண்ணி டப்பாவைத் திருகத் தெரியாமல் முதல் நாலு டப்பாவைத் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டேன். நான் சத்தமாகச் சிரித்துக்கொண்டே கழுவினேன். கோழிகளெல்லாம் மிரண்டு ஒரு மூலைக்கு ஓடிவிட்டன.

முக்கால்மணி நேரம் ஆயிற்று. முடித்துவிட்டேன் என்று வெளியே வந்தால் அத்தை ஷெட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் கை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மாப்ள, மூணாவது வரிசையை அப்படியே உட்டுப்போட்டீங்களே" என்றார்.

திரும்பிப் போய் மூன்றாவது வரிசையையும் கழுவினேன்.

கூடத்துக்கு வந்தபோது அந்த ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்டத்துக்குப் பட்டன் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என் இடத்தில் கதிர் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் என் நீல டப்பா. என் காபி எவர்சில்வர் டம்ளரில் ஆறிப்போய் ஓரமாக இருந்தது.

மாமா நிமிர்ந்து பார்த்து, நகர்ந்து உட்கார்ந்து கொஞ்சம் இடம் விட்டார்.

"வெள்ளைதான் மிச்சம் இருக்குது. சீக்கிரம் உக்காருங்க, நேரமாவுது" என்றார்.

கை ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த ஆட்டத்திலும் நான்தான் முதலில் ஒழிந்தேன்.